கடித்த மூலை

எனக்குப் பொறுமை கிடையாது. இருபது வருடமாக ஆசிரியையாக இருப்பவள் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லித்தான் நான் மாட்டிக்கொண்டேன். இனிமேலாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தங்கா பத்துவிலிருந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காடி ஓட்டிக்கொண்டு, நியாலாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளிக்குப் போவேன். குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தால் போதும், பள்ளிக்குள் நுழையும்போதே எனக்கு முகம் கடுகடுவென்று இருக்கும். பிள்ளைகளுக்கு அது அத்துப்படி. "டீச்சர் இன்னிக்கு லோரிக்குப் பின்னால வந்தாங்க" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு அன்று முழுக்க அடக்கமாக இருப்பார்கள்.

அந்த வருடம் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பன்னிரண்டாவதாக டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டம் என்றார் தலைமையாசிரியர். திட்டத்துக்குக் கோப்பு இருந்தது, நிரப்புவதற்குப் பாரங்கள் இருந்தன. அந்தப் பிள்ளைக்கு எப்படி வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என்பது மட்டும் எதிலும் இல்லை.

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள். பள்ளியிலும் அதுவே நிலைத்தது. பார்க்க வருகிறவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! வகுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். யாராவது நாற்காலியை உள்ளே தள்ளாமல் எழுந்துபோனால் கையைப் பிடித்து இழுத்துவந்து தள்ளவைப்பாள். மூக்குக் கண்ணாடி சரிந்து சரிந்து விழும், அதை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டே அதட்டுவாள். நூலகத்துக்குப் போனால் எல்லாரும் காலணியை வாசலில் கழற்றிப் போடுவோம். பிள்ளைகளுடையது பன்னிரண்டு ஜோடியும் ஒரே கறுப்பு, பாதிக்கு மேல் ஒரே கடையில் வாங்கியவை. திரும்பும்போது பாப்பா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து அவரவரிடம் கொடுப்பாள். ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. நாங்கள் கைதட்டுவோம். எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று நான் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பதுபோல அவளுக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அ, ஆ என்று வகுப்பே கூடிச் சொல்லும்போது அவளும் சேர்ந்துகொள்வாள், ஆனால் ஒரு மூச்சு பின்னால். தனியாகக் கேட்டால் ஒன்றும் வராது. ஒரு நாள் கோபத்தில் அடிக்கோலை மேசையில் ஓங்கித் தட்டினேன். அவள் எழுந்து வந்து, அடிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நன்றாகப் பதியும், ஒரு சொல்லை முழுசாகப் படம்போலக் காட்டுங்கள், எழுத்தைப் பிறகு பிரித்துக் காட்டலாம் என்று அங்கே சொன்னார்கள். அது சரியான யோசனைதான். நான் செய்ததில்தான் கோளாறு. பிஸ்கட் பெட்டியை வெட்டி, உள்பக்கம் கறுப்பு மையில் சொற்களை எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முதல் அட்டை "அம்மா". கொடுத்த அன்றே அதன் மூலையை வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். கத்திக்கொண்டே பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கதை சேர்ந்தது. "தண்ணீர்" மேல் அவளுடைய போத்தல் கவிழ்ந்து அட்டை உப்பிப்போனது. அதைப் பொருத்தம் என்று சொல்லி நானே சிரித்தேன். "மீன்" மேல் நாசி லெமாக் சோற்றின் சம்பல் பட்டுக் கறையானது. "தம்பி" கிழிந்து டேப் ஒட்டினேன். "நாய்" அட்டையின் ஓரத்தில் பெட்டியின் சிவப்புக் கோடு. புதிதாக எழுதலாம்தான், எனக்குச் சோம்பல். பழகிய அட்டையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் நாற்பது அட்டை. நான் தூக்கிக் காட்டுவேன், அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொல்வாள். அவள் பேச்சு தெளிவாக இருக்காது, ஆனால் எனக்குப் புரியும். நாற்பதும் சொல்வாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசிரியர் அறையில் வேறு பேச்சே கிடையாது. கைப்பேசியில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இந்தப் பிள்ளைக்கெல்லாம் எங்கே படிப்பு வரப்போகிறது என்று ஒரு தடவை சொன்ன தலைமையாசிரியரிடம், வேண்டுமென்றே அவர் பசியாறும் நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. டவுனில் ஒரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது. ஆறே பிள்ளைகள், அதற்கென்றே படித்த ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வரும். அடுத்த வருடத்திலிருந்து பாப்பா அங்கே போகலாம். தலைமையாசிரியர் அனுப்பிவிடலாம் என்றார். பாப்பாவின் அம்மாவுக்குத்தான் மனம் வரவில்லை. அங்கே எல்லாம் மலாயில். பிள்ளைக்கு இப்போதுதான் தமிழே வாயில் வருகிறது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வருவார். அந்த அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு தனியாகத்தான் எல்லாவற்றையும் சமாளித்தாள். ஒரு மத்தியானம் பள்ளி வேலியோரம் நின்று என்னிடம் கேட்டாள்.

"இங்கயே இருந்தா அவளுக்குப் படிப்பு வருமா டீச்சர்? வரும்னு நீங்க சொன்னா நான் அனுப்பல. வராதுன்னாலும் சொல்லிடுங்க, மனசத் தேத்திக்கிறேன்."

நாற்பது சொல் வாசிக்கிற பிள்ளையை யாராவது அனுப்புவார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூட்டோடு போய், நாற்பது சொல் வாசிக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். சரி, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கேட்கட்டும், பிள்ளை வாசித்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்குப் போகட்டும் என்று முடிவானது. சரஸ்வதி பூசை முடிந்த அடுத்த திங்கள்கிழமை அவர் வருவதாக ஏற்பாடு.

பூசை வியாழக்கிழமை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தைச் சாமி மேடையில் வைப்பதற்கு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாப்பாவுக்குப் புத்தகம் என்றால் அந்த அட்டைகள்தான். பிஸ்கட் டின்னில் போட்டு நான்தான் கொடுத்து அனுப்பினேன். விஜயதசமியன்று காலையில் அவள் அம்மாவே டின்னைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தாள். திறந்து காட்டினாள். உள்ளே நாற்பது புது அட்டை. பளிச்சென்று வெள்ளை, எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றிலும் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்த பொட்டு. எழுத்து ஒவ்வொன்றும் தடியாக, நிதானமாக.

"பழசு ரொம்ப அழுக்கா இருந்துச்சு டீச்சர். அத எப்படி சரஸ்வதி முன்னால வைக்கிறது? ஒரு நாள் லீவு போட்டு எல்லாத்தையும் புதுசா எழுதிட்டேன்."

பழையது எங்கே என்று கேட்டேன். எழுத்து உள்ளதைக் குப்பையில் போடக் கூடாது இல்லையா, அதனால் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் ஏற்றிக் கொளுத்திவிட்டதாகச் சொன்னாள். நல்லதுதான் செய்தீர்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். எனக்கே அந்த அட்டைகள் ரொம்பப் பிடித்திருந்தன.

அவள் போனதும் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த அட்டை. மறுபடியும் என் முகம். புது அட்டை, அதனால் கூச்சம் என்று நினைத்தேன். கையெழுத்து வேறு என்பதால் இருக்கலாம் என்று கரும்பலகையில் நானே "அம்மா" என்று எழுதினேன். அதற்கும் என் முகத்தைத்தான் பார்த்தாள். டின்னை அவள் முன்னால் வைத்து, "அம்மா எங்க, எடு பார்ப்போம்" என்றேன்.

அவள் அட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்து இருக்கும் பக்கத்தைப் பார்க்கவேயில்லை, மூலையை விரலால் தடவினாள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள், அதன் மூலையையும் தடவினாள். நாற்பதையும் தடவி முடித்து, "அம்மா இல்ல" என்று டின்னை என் பக்கம் தள்ளினாள்.

ஆறு மாதம்! ஆறு மாதமாக அவள் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கவில்லை. கடித்த மூலையைப் பார்த்து அம்மா என்றாள், உப்பிய அட்டையைப் பார்த்துத் தண்ணீர் என்றாள், சம்பல் கறையைப் பார்த்து மீன் என்றாள். காலணியில் எதைப் பார்த்தாளோ அதையேதான் அட்டையிலும் பார்த்திருக்கிறாள். அவள் சரியாகத்தான் செய்தாள். பன்னிரண்டு ஜோடிக் காலணியை ஆறு மாதம் என் கண்ணெதிரே பிரித்துக் கொடுத்தாளே, அப்போதுகூட உறைக்காத என் மண்டையை என்ன சொல்ல!

அப்போதே தலைமையாசிரியர் அறைக்குப் போயிருக்கலாம். பத்தடி தூரம். தப்பு நடந்துவிட்டது, அந்த இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாப்பா அடுத்த வருடம் படித்தவர்கள் கையில் இருந்திருப்பாள். நான் போகவில்லை. ஆசிரியர் அறையில் அடித்த தம்பட்டம், கையெழுத்துப் போட்ட கடிதம், பசியாறும் நேரத்தில் போய்ச் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து காலைக் கட்டிப் போட்டன. வெட்கம். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பிஸ்கட்டில் நாலு பெட்டி வாங்கி வந்து வெட்டினேன். நினைவில் இருந்த பன்னிரண்டு அட்டைகளை எழுதினேன். "நாய்" அட்டைக்குச் சிவப்புக் கோடு வரும்படி பார்த்து வெட்டினேன். "தண்ணீர்" அட்டையைக் குழாயில் பிடித்துக் காயவைத்தேன். "மீன்" அட்டையில் மத்தியானச் சம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். "தம்பி"யை நானே கிழித்து நானே ஒட்டினேன். கடைசியில் "அம்மா". கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, அட்டையின் மூலையை வாயில் வைத்துக் கடித்தேன். என் வீட்டுக்காரர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். பயிற்றுத் துணைப்பொருள் என்றேன்.

திங்கள்கிழமை அந்த அதிகாரி அம்மா வந்தார். நல்ல மாதிரி. பாப்பாவிடம் பெயர் கேட்டார், கண்ணாடி அழகாக இருக்கிறது என்றார். மற்ற அட்டைகள் பூசையோடு போய்விட்டன, இந்தப் பன்னிரண்டுதான் மிச்சம் என்று சொல்லி நான் டின்னை எடுத்து வைத்தேன். பாப்பா எட்டிப் பார்த்தாள், அவள் முகம் மலர்ந்துபோனது. தொலைந்துபோன ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள் அவளுக்கு. அதிகாரி ஓர் அட்டையைத் தூக்கினார். "மீன்." இன்னொன்று. "நாய்." பன்னிரண்டில் பதினொன்று சொன்னாள். "அம்மா"வை அதிகாரி கையிலிருந்து பிடுங்கியே சொன்னாள். அதிகாரிக்குக் கண் கலங்கியது. பிறகு அவர் தானே ஒரு சொல்லை எழுதிக் காட்டப் பேனாவை எடுத்து வெற்றுத் தாள் ஒன்றைப் புரட்டினார்.

"பாப்பா களைச்சிட்டா மேடம்," என்றேன். "இதுக்கு மேல போனா அழுதுடுவா."

அவர் பேனாவை மூடினார். பாரத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே டவுனில் இருந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அன்று மத்தியானம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போகும் வழியில் காடியில் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. புதன்கிழமையிலிருந்து உண்மையாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். ஒரே சொல்லைப் பல தாளில், பல நிறத்தில் எழுதிக் காட்டினேன். பாப்பா தாளின் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள். அலமாரியைக் காட்டி, "டின்னு, டின்னு" என்று கேட்பாள். அங்கேதான் நான் செய்த அட்டைகளைப் பூட்டி வைத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் அன்றே தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து வருவது தெரிந்தால் பூட்டைத் திறந்து டின்னை வெளியே எடுத்தேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகச் சொல்வாள். அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். அவர் போனதும் நான் மறுபடியும் பூட்டுவேன், அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. பாப்பாவின் அம்மா ஒரு டப்பா முறுக்கோடு வந்தாள். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். இரட்டைக் கோடு போட்ட நோட்டு, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிப் பழகுவது. பிரித்தேன். பக்கம் பக்கமாக அ, அ, அ. பிறகு ம், ம், ம். பிறகு மா. முக்கால் நோட்டு நிரம்பியிருந்தது. பிள்ளை எழுதியதோ என்று ஒரு நொடி எனக்கு நெஞ்சு துள்ளியது.

"நான் எழுதுனது டீச்சர்," என்றாள். "ஆறாம் வகுப்புக்கு அப்புறம் நான் தமிழ் எழுதினதே இல்ல. நீங்க எழுதுனா வாசிக்கிறா, என் எழுத்த வாசிக்க மாட்டேங்கிறா. என் கையெழுத்துதான் சரியில்லபோல. இப்ப எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

வேலைக்குப் போகும் பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், எங்கே நேரம் கிடைத்ததோ அங்கெல்லாம் எழுதியிருக்கிறாள். சில பக்கங்களில் பஸ் குலுங்கியது தெரிந்தது. நான் நோட்டை மூடினேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து டின்னை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூலை, கறை, விஜயதசமியன்று பாப்பா தடவிப் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் பெட்டி, பேனாவை மூட வைத்தது, ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் அழவில்லை. வகுப்பின் பின்பக்கம் பாப்பா நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உண்மையில அவளுக்கு எத்தன சொல்லு வாசிக்கத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தெரியாதும்மா."

"டவுன்ல இருந்த இடம்?"

"போயிடுச்சு. இனி அடுத்த வருஷம் இடம் காலியானாதான்."

தலையை ஆட்டினாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கையெழுத்துல ஒண்ணும் தப்பில்ல."

இல்லை என்றேன். என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மை. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டின்னைத் திறந்து பன்னிரண்டு அட்டையையும் கையில் எடுத்தாள். மேலே இருந்தது "அம்மா". அந்தக் கடித்த மூலையைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவோரம் இருந்த குப்பைத் தொட்டியில் எல்லாவற்றையும் போட்டாள். எழுத்து இருக்கிறதே என்று நான் வாயெடுத்திருப்பேன்போல, அதற்குள் அவளே சொன்னாள்.

"இதுல எழுத்து எங்க இருக்கு டீச்சர்?"

திரும்பி வந்து இரட்டைக் கோடு நோட்டை எடுத்து என் மேசையில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பாப்பாவைக் கூப்பிட்டாள். பாப்பா வருகிற வழியில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, கையை விட்டு "அம்மா" அட்டையை எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.